“இறந்தபின் உணர்வு இல்லை” என்று யாக்ஞவல்கியர் சொன்னதன் பொருள் என்ன?

யாக்ஞவல்கியர் தம் மனைவி மைத்ரேயியிடம் “இறந்தபின் உணர்வு இல்லை” என்று சொல்லியிருக்கிறாரே, அப்படியானால் உபநிடத ஞானிகளில் முதல் வரிசையில் வைக்கப்படும் அவர் ஆன்மாவையும் மறுபிறவியையும் மறுத்தவர்தானா, அவர் போதித்ததுதான் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நியாயமானது. அந்த வாக்கியத்தை யாரும் திரித்துச் சொல்லவில்லை. “ந ப்ரேத்ய ஸம்ஜ்ஞா அஸ்தி” என்று பிருகதாரண்யக உபநிடதத்தில் அது இரண்டு இடங்களில் (2.4.12, 4.5.13) அப்படியே இருக்கிறது. அதை முதலில் கேட்ட மைத்ரேயியே, நீங்கள் தடுமாறிய அதே இடத்தில் தடுமாறி நின்றாள் என்பதையும் நூல் மறைக்கவில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறிபவன் அழிந்துபோகிறான் என்று அவர் சொல்லவில்லை. அறிபவன் தனக்கு வேறான ஒன்றை எதிரில் நிறுத்தி “இது இன்னது” என்று அறிகிறானே, அந்த அறிதலுக்குத்தான் அங்கே இடமில்லை என்கிறார். ஆனால் இதை வெறும் சொல்விளக்கமாக ஏற்றுக்கொண்டால் போதாது. விதேக நாட்டு அவையில் அவர் பேசியவை, அந்நாட்டு அரசர் ஜனகரோடு தனியே பேசியவை, வீட்டைவிட்டுப் புறப்படும் நேரத்தில் மனைவியிடம் பேசியவை ஆகிய மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அவருடைய முழுச் சிந்தனையும் அடங்கியிருப்பது தெரியும்.

அவரைப் பற்றி இரண்டு வார்த்தை. யாக்ஞவல்கியர் சுக்ல யஜுர் வேத மரபைச் சேர்ந்தவர்; வாஜஸனேயர் என்பது அவருக்கு வழங்கும் மற்றொரு பெயர். அந்த வேதத்தின் யாக விளக்க நூலான சதபத பிராமணத்தில் அவர் முதலில் யாகச் சடங்குகளின் நுணுக்கங்களில் தீர்ப்புச் சொல்லும் ஆசிரியராகவே தோன்றுகிறார். அதே பிராமணத்தின் இறுதிப் பகுதியாக அமைந்த பிருகதாரண்யக உபநிடதத்தில்தான், அதிலும் 3, 4 ஆம் அத்தியாயங்களில், தத்துவ ஞானியாக வெளிப்படுகிறார். களம் விதேகம், அதாவது இன்றைய வடபீகாரும் அதை ஒட்டிய நேபாளச் சமவெளியும் சேர்ந்த மிதிலைப் பகுதி. காலம் ஏறத்தாழ கி.மு. 7 ஆம் நூற்றாண்டு என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. யாக்ஞவல்கிய ஸ்மிருதி என்ற தர்மசாஸ்திர நூல் இதற்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. அதை இவர் போதனையோடு கலந்துவிடக் கூடாது. குருவிடம் கற்ற வேதத்தைக் கக்கிக் கொடுத்துவிட்டுச் சூரியனிடம் புதிதாகப் பெற்றார் என்பது புராணங்கள் சொல்லும் கதை. “சூரியனிடமிருந்து வந்த இந்த வெண்ணிற யஜுஸ்கள் (யாக மந்திரங்கள்) வாஜஸனேய யாக்ஞவல்கியரால் சொல்லப்பட்டவை” என்ற ஒரு வரி மட்டுமே உபநிடதத்தில் உள்ளது.

ஜனகர் யாகம் செய்து, குரு பாஞ்சால நாடுகளிலிருந்து வந்த அந்தணர்களைக் கூட்டி, ஒவ்வொன்றின் கொம்புகளிலும் பத்துப் பாதம் (பாதம் ஒரு பழைய எடையளவு) பொன் கட்டிய ஆயிரம் பசுக்களை நிறுத்தி, “உங்களுள் பிரம்மத்தை மிக நன்கு அறிந்தவர் ஓட்டிச் செல்லலாம்” என்று அறிவித்தார். யாக்ஞவல்கியர் தம் மாணவனிடம் ஓட்டிப் போகச் சொல்லிவிட்டார். அதன்பின் எண்மர் எழுந்து அவரைக் கேள்விகளால் மடக்கப் பார்க்கிறார்கள். வாசக்னுவின் மகள் கார்க்கி மட்டும் இருமுறை எழுகிறாள். இந்த வாதம் முழுவதையும் நான் இங்கே சொல்லப்போவதில்லை. உங்கள் கேள்வியோடு நேராகத் தொடர்புடைய நான்கு பேரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாமவர் ஆர்த்தபாகர். அவர் கேட்டது மரணத்தைப் பற்றித்தான்: இறந்தவனுடைய பேச்சு நெருப்பிலும், மூச்சு காற்றிலும், கண் சூரியனிலும், மனம் சந்திரனிலும், செவி திசைகளிலும், உடல் மண்ணிலும் போய்ச் சேர்ந்தபின் அந்த மனிதன் எங்கே இருக்கிறான்? அவையில் எல்லாருக்கும் துணிந்து பதில் சொல்லிவந்த யாக்ஞவல்கியர் இங்கே மட்டும், “அன்பனே, கையைக் கொடு. இதை நாம் இருவர் மட்டுமே அறிவோம், கூட்டத்தில் பேசுவதற்கு உரியதன்று” என்று அவரைத் தனியே அழைத்துப் போகிறார். அவர்கள் பேசியது கர்மம் என்றும், நற்செயலால் ஒருவன் நல்லவனாகிறான், தீச்செயலால் தீயவனாகிறான் என்பதே அதன் சாரம் என்றும் நூல் குறிப்பிடுகிறது (3.2.13). உபநிடதங்களில் கர்மக் கொள்கை தெளிவாகத் தலைகாட்டும் மிகப் பழைய இடங்களுள் இது ஒன்று. ஆக, இறந்தவுடன் எல்லாம் முடிந்தது என்று நம்பியவர் பேசும் பேச்சு இதுவல்ல.

அடுத்தவர் உஷஸ்தர். “கண்முன் நேரடியாக இருக்கும் பிரம்மம் எதுவோ, எல்லாவற்றுள்ளும் இருக்கும் ஆன்மா எதுவோ, அதை எனக்குக் காட்டு” என்கிறார். மூச்சினால் மூச்சு விடுபவனே உன் ஆன்மா என்று பதில் வருகிறது. உஷஸ்தருக்கு அது போதவில்லை. “இது பசு, இது குதிரை என்று பெயர் சொல்வதுபோலச் சொல்லிவிட்டாய், நேராகக் காட்டு” என்று மறுபடியும் கேட்கிறார். அப்போதுதான் யாக்ஞவல்கியரின் தத்துவத்துக்கு அச்சாணியான வாக்கியம் வருகிறது: “பார்வையின் பார்வையாளனை நீ பார்க்க முடியாது, கேள்வியைக் கேட்பவனை நீ கேட்க முடியாது, எண்ணத்தை எண்ணுபவனை நீ எண்ண முடியாது, அறிவை அறிபவனை நீ அறிய முடியாது. இவனே உன் ஆன்மா.” உஷஸ்தர் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது: உண்மையான பொருள் என்றால் சுட்டிக்காட்டலாமே. ஆனால் சுட்டப்படுவது எதுவாயினும் அது பார்க்கப்படும் பொருளாகிவிடுகிறது. பார்ப்பவன் அதற்கு இப்பால் தங்கிவிடுகிறான். ஆன்மாவைக் காட்ட முடியாததற்குக் காரணம் அது தொலைவில் இருப்பதன்று. காட்டுகிற செயலுக்கே அது முன்நிற்கிறது.

கார்க்கியின் இரண்டாவது கேள்வி வேறு திசையிலிருந்து இதே இடத்துக்கு வருகிறது. காசியிலோ விதேகத்திலோ பிறந்த வீரன் நாணேற்றிய வில்லோடு இரண்டு அம்புகளை ஏந்தி எழுவதைப்போல் நானும் இரண்டு கேள்விகளோடு எழுகிறேன் என்கிறாள். வானுக்கு மேலும் மண்ணுக்குக் கீழும் இருப்பது, இருந்தது, இருக்கப்போவது எல்லாம் எதில் பாவும் ஊடுமாக நெய்யப்பட்டிருக்கின்றன என்று கேட்டு, ஆகாயத்தில் என்ற விடையைப் பெற்று, அந்த ஆகாயம் எதில் நெய்யப்பட்டிருக்கிறது என்று தொடர்கிறாள். அழிவற்றதாகிய அக்ஷரத்தில் என்பது விடை. அது பெரிதன்று, சிறிதன்று, குட்டையன்று, நெட்டையன்று என்று மறுத்துக்கொண்டே போகும் யாக்ஞவல்கியர், “அது பார்க்கப்படாமல் பார்ப்பது, அறியப்படாமல் அறிவது, அதையன்றி வேறு பார்ப்பது இல்லை” என்று முடிக்கிறார். உலகத்தின் அடித்தளத்தைத் தேடிப்போன கேள்விக்கும், உஷஸ்தர் தன்னுள்ளே தேடிய கேள்விக்கும் விடை ஒன்றாகிவிட்டது என்பதைக் கவனியுங்கள். அந்த அவையில் கார்க்கிதான் இதை உடனே உணர்ந்தவள் என்று நினைக்கிறேன். “இவரை யாரும் வெல்ல முடியாது, வணங்கிவிட்டுத் தப்பினால் போதும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்” என்று மற்ற அந்தணர்களிடம் சொல்லிவிட்டு அமர்ந்துவிட்டாள்.

நான்காமவர் உத்தாலக ஆருணி. உபநிடத இறுதியில் வரும் ஆசிரியர் வரிசைப்படி யாக்ஞவல்கியருக்கே குருவானவர். அவரிடம் சொல்லப்படுவது அந்தர்யாமி போதனை: மண்ணில் இருந்தும் மண்ணுக்கு உள்ளானவன், மண்ணால் அறியப்படாதவன், மண்ணையே உடலாகக் கொண்டவன், மண்ணை உள்ளிருந்து இயக்குபவன் எவனோ அவனே உன் ஆன்மா, அந்தர்யாமி, அமுதன். நீர், நெருப்பு, காற்று, சூரியன், கண், மனம் என்று இதே வாய்ப்பாடு விரிந்துகொண்டே போகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி ஜனகரோடு நடந்த தனி உரையாடல் (4.3). என் மதிப்பில் பழைய இந்தியச் சிந்தனையில் இதற்கு நிகரான பக்கங்கள் மிகக் குறைவு. மனிதனுக்கு ஒளி எது என்று ஜனகர் தொடங்குகிறார். சூரியன். அது மறைந்தால்? சந்திரன். அதுவும் மறைந்தால்? நெருப்பு. அதுவும் அணைந்தால்? பேச்சு, தன் கையே தெரியாத இருட்டிலும் குரல் வரும் பக்கமாக ஒருவன் நடந்து போகிறான் அல்லவா? பேச்சும் அடங்கினால்? ஆன்மாவே ஒளி. இங்கிருந்து கனவுக்குப் போகிறார்கள். அங்கே தேர்கள் இல்லை, குதிரைகள் இல்லை, சாலைகள் இல்லை. ஆயினும் அவன் தேர்களையும் குதிரைகளையும் சாலைகளையும் படைத்துக்கொள்கிறான். அதற்கும் அப்பால், வானில் பறந்து களைத்த பருந்து சிறகை மடக்கிக் கூட்டுக்குத் திரும்புவதைப்போல், எந்த ஆசையும் எந்தக் கனவும் இல்லாத ஆழ்ந்த உறக்கத்துக்குத் திரும்புகிறான். அங்கே தந்தை தந்தையல்லன், தாய் தாயல்லள், திருடன் திருடனல்லன்.

ஆழ்ந்த உறக்கத்தில் நாம் எதையும் அறிவதில்லை என்பது எல்லாருக்கும் அனுபவம். அப்படியானால் அங்கே அறிபவன் இல்லை என்றுதானே ஆகும்? யாக்ஞவல்கியரின் விடை: “அங்கே அவன் பார்ப்பதில்லை என்கிறோமே, பார்த்துக்கொண்டேதான் பார்க்காமல் இருக்கிறான். பார்ப்பவனின் பார்வைக்கு அழிவு கிடையாது. ஆனால் அவன் பார்ப்பதற்கு, அவனிலிருந்து பிரிந்த இரண்டாவது பொருள் அங்கே இல்லை.” முகர்தல், சுவைத்தல், பேசுதல், கேட்டல், எண்ணுதல், தொடுதல், அறிதல் என்று ஒவ்வொன்றுக்கும் இதே வாக்கியம் மாற்றமின்றித் திரும்ப வருகிறது. அவசரமாகப் படிப்பவருக்கு அலுப்பாக இருக்கலாம். ஆனால் வாய்மொழியாகக் கற்றவர்களின் காதில் அது ஒவ்வொரு புலனாக அணைத்து, அணைந்தபின் எஞ்சுவதைக் காட்டும் நடை. மைத்ரேயியின் குழப்பத்துக்கு விடை இந்த இடத்தில் ஏற்கெனவே ஆயத்தமாக இருக்கிறது.

இதே அச்சம் இன்னோர் உபநிடதத்திலும் பதிவாகியிருக்கிறது. சாந்தோக்கியத்தில், ஆழ்ந்த உறக்கமே ஆன்மநிலை என்று பிரஜாபதி சொன்னதைக் கேட்டுச் சென்ற இந்திரன் பாதிவழியில் திரும்பி வந்து, “இந்நிலையில் இவன் ‘இது நான்’ என்றுகூடத் தன்னை அறிவதில்லையே, அழிந்தேபோனவன் போலாகிவிடுகிறானே, இதில் நான் எந்த நன்மையையும் காணவில்லை” என்கிறான். உணர்வு என்றால் எதையாவது உணர்வது என்றே நாம் பழகியிருக்கிறோம். உணரப்படும் பொருளை எடுத்துவிட்டால் எஞ்சுவது சூனியமாகத்தான் தோன்றும். இந்திரனுக்கும் மைத்ரேயிக்கும் தோன்றியது நமக்கும் தோன்றுவதில் வியப்பில்லை.

மறுபிறவியை அவர் மறுத்தாரா என்ற பகுதிக்கு ஜனகரிடம் சொன்னதன் தொடர்ச்சியே (4.4) பதில். புல்லின் நுனிக்கு ஊர்ந்து வந்த புழு அடுத்த புல்லைப் பற்றிக்கொண்டு தன்னை அங்கே இழுத்துக்கொள்வதைப்போல் ஆன்மா இந்த உடலை விட்டு அடுத்ததைப் பற்றுகிறது. பொற்கொல்லன் ஒரு துண்டுப் பொன்னை எடுத்து வேறொரு புதிய, இன்னும் அழகிய வடிவமாக ஆக்குவதைப்போல் தனக்கு வேறு வடிவம் செய்துகொள்கிறது. மனிதன் ஆசையால் ஆனவன். ஆசை எப்படியோ அப்படி உறுதி, உறுதி எப்படியோ அப்படிச் செயல், செயல் எப்படியோ அப்படிப் பலன். அதோடு நிறுத்தவில்லை. ஆசையற்றவனுக்கு இந்தப் பயணம் இல்லை. அவன் பிரம்மமாகவே இருந்து பிரம்மத்தை அடைகிறான். பாம்பு உரித்த சட்டை புற்றின்மேல் உயிரற்றுக் கிடப்பதைப்போல் இந்த உடல் கிடக்கிறது. ஆக, மரணத்துக்கு அப்பால் இரண்டு நிலைகளைச் சொல்கிறார். ஆசையுள்ளவனுக்குப் பயணம் உண்டு, அதனால் அனுபவமும் உண்டு. “உணர்வு இல்லை” என்ற வாக்கியம் இரண்டாமவனைப் பற்றியது, எல்லாம் ஆன்மாவாகவே ஆகிவிட்டவனைப் பற்றியது.

இப்போது அந்த உரையாடலுக்கே வருவோம். இல்லறத்தை விட்டுப் புறப்படத் தீர்மானித்த யாக்ஞவல்கியர், இரு மனைவியரான மைத்ரேயிக்கும் காத்யாயனிக்கும் சொத்தைப் பிரித்துக் கொடுக்க விரும்புகிறார். மைத்ரேயி கேட்கிறாள்: “சுவாமி, செல்வம் நிறைந்த இந்தப் பூமி முழுவதும் எனக்குக் கிடைத்தால் நான் மரணமற்றவள் ஆவேனா?” “இல்லை. வசதி படைத்தவர்களின் வாழ்க்கை எப்படியோ அப்படி இருக்கும் உன் வாழ்க்கை. செல்வத்தால் அமரத்துவத்துக்கு நம்பிக்கையே இல்லை.” “எதனால் நான் அமரத்துவம் பெற மாட்டேனோ அதை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? தாங்கள் அறிந்ததையே சொல்லுங்கள்.” அவர் மகிழ்ந்து, முன்பே பிரியமானவளாகிய நீ இப்போது இன்னும் பிரியமானதைச் சொன்னாய், வா, உட்கார் என்று தொடங்குகிறார். கணவன் மீதுள்ள அன்புக்காகக் கணவன் பிரியமானவன் ஆவதில்லை, ஆன்மாவின் பொருட்டே ஆகிறான் என்ற புகழ்பெற்ற பகுதி அது. இதைத் தன்னலப் போதனையாகப் படிப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிப்பதில்லை. தேடுகிறவள் எதைத் தேடியும் இறுதியில் எங்கே வந்து நிற்பாள் என்பதைத்தான் அவர் காட்டுகிறார்.

பிறகு உப்பு. நீரில் போட்ட உப்புக்கட்டி கரைந்துவிடுகிறது. அதைத் திரும்பக் கட்டியாக எடுக்க முடியாது. ஆனால் நீரை எங்கே அள்ளினாலும் உப்புத்தான். அதுபோல் இந்தப் பெரும் பொருள் எல்லையற்றது, முழுக்க அறிவாலேயே ஆனது. நிலம், நீர் முதலான இந்தப் பூதங்களிலிருந்து எழுந்து, அவற்றோடு மறைகிறது. இறந்தபின் உணர்வு இல்லை. “இந்த இடத்தில்தான் என்னைக் குழப்பிவிட்டீர்கள்” என்கிறாள் மைத்ரேயி. அமரத்துவம் கேட்டவளுக்கு அழிவைப் பற்றிய செய்தி கிடைத்ததுபோல் இருந்திருக்கும்.

அவர் தரும் விளக்கம்: “எங்கே இருமை போல இருக்கிறதோ, அங்கே ஒருவர் மற்றொன்றைப் பார்க்கிறார், கேட்கிறார், அறிகிறார். எல்லாம் ஆன்மாவாகவே ஆகிவிட்ட இடத்தில் எதனால் எதைப் பார்ப்பது? எதனால் எதை அறிவது? எதனால் இவை எல்லாம் அறியப்படுகின்றனவோ, அதை எதனால் அறிவது? அறிபவனை எதனால் அறிவது, மைத்ரேயி?” மூலத்தில் “த்வைதம் இவ” என்று உள்ளது. ‘போல’ என்ற பொருளுடைய அந்த ‘இவ’ என்ற சின்னச் சொல்லை, இரண்டற்ற ஒன்றே உண்மை என்னும் அத்வைத உரைகாரர்கள் விடாமல் பிடித்துக்கொண்டார்கள்: இருமை உண்மையில் இருப்பதாக அல்ல, இருப்பதுபோல் என்றே சொல்லப்பட்டிருக்கிறது.

இந்தப் பதில் எல்லாரையும் நிறைவு செய்துவிடவில்லை என்பதற்கு நூலிலேயே சான்று இருக்கிறது என்பது என் கருத்து. உரையாடல் இரண்டு முறை வருகிறது என்றேனே, இரண்டும் வரிக்கு வரி ஒன்றல்ல. 4.5 இல் உப்பு நீரில் கரைவதில்லை. உள், வெளி என்ற வேறுபாடில்லாமல் முழுவதும் சுவையாகவே இருக்கும் உப்புக்கட்டியாகவே நிற்கிறது. மைத்ரேயி குழம்பியதும், 2.4 இல் “நான் குழப்பமாக எதையும் சொல்லவில்லை, அறிவதற்கு இது போதும்” என்று மட்டும் சொன்னவர், இங்கே “இந்த ஆன்மா அழியாதது, அறுந்துபோகாத இயல்புடையது” என்று வெளிப்படையாகச் சொல்கிறார். மாணவர் பரம்பரையில் யாருக்கோ இந்த வாக்கியம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்ற கவலை இருந்திருக்கிறது.

கவலைக்குக் காரணமும் இருந்தது. ஆன்மாவை மறுத்த பொருள்முதல்வாதிகளான சார்வாகர்கள், அறிவு என்பது பூதங்களின் சேர்க்கையில் தோன்றி அவற்றோடு அழிவது என்ற தங்கள் கொள்கைக்கு இதே உபநிடத வாக்கியத்தைச் சான்றாகக் காட்டியதாக 14 ஆம் நூற்றாண்டின் ஸர்வதர்சன ஸங்கிரகம் என்ற நூல் பதிவு செய்கிறது. சமண மரபில், மகாவீரரின் முதல் கணதரரான (தலைமைச் சீடரான) இந்திரபூதி கௌதமர் ஆன்மா உண்டா என்று ஐயம் கொண்டதற்கு இந்த வாக்கியமே காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆகவே நீங்கள் கேட்டது புதிய கேள்வி அன்று. பல நூற்றாண்டுகள் வாதிக்கப்பட்ட கேள்வி.

உபநிடதக் கருத்துகளைத் தொகுத்து ஆராயும் பிரம்ம சூத்திரமும் (1.4.19–22) இந்த உரையாடலை எடுத்துக்கொண்டு ஆசுமரத்யர், ஔடுலோமி, காசகிருத்ஸ்னர் என்ற மூன்று பழைய ஆசிரியர்களின் கருத்துகளைச் சொல்கிறது. காசகிருத்ஸ்னர் சொன்னது ஒரே சொல், “நிலைத்திருப்பதால்”. பரம்பொருளே ஜீவனாக நிலைத்திருக்கிறது என்று சங்கரர் அதை விரித்தார். ‘ஸம்ஜ்ஞா’ என்றால் “நான் இன்னார், இன்னாருடைய மகன், இது என் நிலம், இது என் செல்வம், நான் இன்பமுடையவன், துன்பமுடையவன்” என்ற தனிப்பட்ட உணர்வு, அதுதான் இல்லாமல் போகிறது என்பது அவர் உரை. ராமானுஜரோ, பரம்பொருள் ஜீவனுக்குள் அந்தர்யாமியாக நிலைத்திருக்கிறது என்று அதே சொல்லுக்குப் பொருள் கொண்டார். உத்தாலகரிடம் சொன்னதை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். இந்த உபநிடதத்துக்கு இரண்டு பாடங்கள் (மூல வடிவங்கள்) உண்டு; அந்தப் பகுதி காண்வ பாடத்தில் “விஞ்ஞானத்தில் இருப்பவன்” என்றும் மாத்யந்தின பாடத்தில் “ஆன்மாவில் இருப்பவன், ஆன்மா எவனுக்கு உடலோ அவன்” என்றும் வருகிறது. ஜீவனும் உலகமும் இறைவனுக்கு உடல் என்ற ராமானுஜரின் விசிஷ்டாத்வைதத்தின் தூணாக இந்த வரி நிற்கிறது.

இருவரில் யார் சரி என்று கேட்டால், மைத்ரேயி உரையாடலை மட்டும் வைத்துப் பார்க்கையில் சங்கரரின் வாசிப்பே மூலத்துக்கு நெருக்கமாக எனக்குப் படுகிறது. ஏனென்றால் “எதனால் எதை அறிவது” என்ற கேள்வி, அறிபவனுக்கும் அறியப்படுவதற்கும் இடையில் எந்த இடைவெளியையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் அந்தர்யாமிப் பகுதியைப் படிக்கையில், உள்ளிருந்து இயக்குபவன், இயக்கப்படுவது என்ற வேறுபாட்டை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. யாக்ஞவல்கியர் தமக்குள் ஒரே கட்டமைப்பாகச் சிந்தித்துவிட்டுப் பேசியவர் அல்லர்; எதிரில் இருப்பவர் எங்கிருந்து கேட்கிறாரோ அங்கிருந்து அழைத்துச் செல்பவர். “நேதி நேதி”, இதுவன்று, இதுவன்று என்ற தொடர் அவர் வாயில் நான்கு இடங்களில் வருகிறது. அவற்றுள் இரண்டில் கேட்பவர் ஜனகர், மற்ற இரண்டில் வேறு வேறு பேர்; தொடங்கிய இடம் நான்கிலும் வேறு.

நீங்கள் மூலத்தைப் படிக்க விரும்பினால் மைத்ரேயியிலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் 4.3 ஐயும் 4.4 ஐயும் படியுங்கள். பிறகு 3 ஆம் அத்தியாயத்துக்குப் போய் உஷஸ்தர், கார்க்கி, உத்தாலகர் ஆகியோர் பகுதிகளைப் பாருங்கள். அதன்பின் 2.4 ஐயும் 4.5 ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வரி மாறியிருக்கிறது என்று விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிடுங்கள். 2.4 “அறிபவனை எதனால் அறிவது” என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறது. 4.5 இல் அதே கேள்விக்குப் பின் இன்னும் ஒரு வரி உண்டு: “உனக்குச் சொல்ல வேண்டியது சொல்லியாயிற்று, மைத்ரேயி, அமரத்துவம் என்பது இவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு யாக்ஞவல்கியர் புறப்பட்டுப் போனார்.